லயத்து வீடும் ஐந்து சென்ட் நிலமும்

இங்கே துபாயில் புதுக் குடியிருப்பு விளம்பரம் எதை எடுத்தாலும் பொதுத் தோட்டம், பொது முற்றம், 'கம்யூனிட்டி லிவிங்' என்று ஒரே அமர்க்களம். எனக்கு உடனே ஞாபகம் வருவது மூணாறு எஸ்டேட் லயங்கள்தான். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் கண்ணன் தேவன் மலைகளைப் பூஞ்சாறு ராஜாவிடம் குத்தகைக்கு எடுத்தார். வருஷத்துக்கு வெறும் 3000 ரூபாய்! (பேங்க்காரன் கண்ணில் முதலில் படுவது இதுதானே.) பிற்பாடு காட்டை அழித்துத் தேயிலை வைத்தபோது ஆள் தேவைப்பட்டது. கங்காணிகள் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக அழைத்து வந்தார்கள். அவர்களைக் குடிவைக்கக் கட்டியதுதான் லயம். ஒரே கூரை, வரிசையாக வீடுகள், இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். பெரும்பாலும் ஒரு ரூம், ஒரு அடுக்களை, முன்னால் சின்ன வராந்தா. சுவர் பொதுவானால் செலவு மிச்சம், அவ்வளவுதான் கணக்கு.

மற்றதெல்லாம் ஜனங்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்டது. குழாயடி, பொது வாசல், மாரியம்மன் கோயில், கிடைத்த துண்டு நிலத்தில் பீன்ஸ், முட்டைகோஸ், வசதியிருந்தால் ஒரு மாடு. அம்மா கொழுந்து கிள்ளப் போனால் பிள்ளை பக்கத்து வீட்டுப் பாட்டி மடியில் வளரும்.

ஆனால் அந்த வீடு அவர்களுடையது இல்லை. 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு கொடுப்பதை முதலாளியின் கடமையாக்கியது. நல்ல விஷயம்தான். என்ன, வீடு வேலையோடு ஒட்டிக்கொண்டது. ரிட்டயர் ஆனால் காலி செய்ய வேண்டும். வீட்டைத் தக்கவைக்கவே பிள்ளைகளில் ஒருவர் கொழுந்துக்கூடையைத் தூக்கிய குடும்பங்கள் உண்டு. பட்டா கிடையாது, அடமானம் வைக்க முடியாது. ஹோம் லோன் என்று கேட்டு வந்தால் எந்த மேனேஜரும் கையை விரிப்பார். நான்கு தலைமுறை வாழ்ந்த வீடு, ஆஸ்தி என்று எழுதினால் பூஜ்யம்!

2015-ல் போனஸ் கேட்டு மூணாறு ரோட்டில் உட்கார்ந்த 'பெம்பிளை ஒருமை' பெண்கள் இந்த ஒற்றை ரூம் வாழ்க்கையைப் பற்றியும் பேசினார்கள். போனஸ் கிடைத்தது. வீட்டு விஷயம் அப்படியே நின்றது.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, ராஜமலை பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லயங்கள் மேல் விழுந்தது. 70 பேர் போனார்கள். பலரும் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள், ஒருவருக்கொருவர் சொந்தம். ஒரே வரிசையில் அண்ணன் வீடு, தம்பி வீடு, மாமன் வீடு என்று இருந்ததால் வம்சமே அடிபட்டது. கரண்ட் இல்லை, செல்போன் டவரும் வேலை செய்யவில்லை. வெளியுலகத்துக்குத் தகவல் போனது மறுநாள் காலையில்தான்.

அதற்கப்புறம், உயிர் தப்பிய 8 குடும்பங்களுக்கு மூணாறு குட்டியார்வேலியில் அரசாங்கம் நிலம் கொடுத்தது, கம்பெனி தனித்தனி வீடாகக் கட்டிக்கொடுத்தது. வீட்டுக்கு ஐந்து சென்ட், அவரவர் பெயரிலேயே பட்டா.