மனோசிலையும் தாளகமும்: இரு ஆர்சனிக் சல்பைடுக் கனிமங்களின் பெயர், இயல்பு, வகைப்பாடு

ஆய்வுச் சுருக்கம்

மனோசிலை சிவப்பு, தாளகம் மஞ்சள் என நிறத்தைக் கொண்டே இவ்விரு கனிமங்களையும் அடையாளம் காண்பது அகராதிகளிலும் மருத்துவச் சுவடி விளக்கங்களிலும் வழக்கமாக உள்ளது. மனோசிலை ஒளிபட்டால் மஞ்சள் தூளாக மாறும் என்னும் கனிமவியல் உண்மையை முன்வைத்து, அவ்வழக்கம் மறுஆய்வுக்கு உரியது என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: மனோசிலை, தாளகம், அரிதாரம், பாடாணம், சல்பைடு, தோல் பதனிடுதல்

முன்னுரை

வேலூர் முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரையுள்ள தோல் தொழிற்கூடங்களில் பச்சைத் தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் பயன்படுகின்றன. கணியம்பாடியில் வளர்ந்த இக்கட்டுரையாளருக்கு 'சல்பைடு' என்னும் சொல்லின் முதற்பொருள், அக்கழிவுநீரிலிருந்து எழும் அழுகிய முட்டை நாற்றமே. கனிமவியல் நூல்கள் பின்னர்தான் கைக்கு வந்தன.

மயிரின் கெரட்டின் புரதத்தை உறுதியாக்குவது கந்தக அணுக்கள் இரண்டிரண்டாக இணையும் பிணைப்பு. காரநீரில் உள்ள சல்பைடு அப்பிணைப்பை அறுக்கிறது. தோலின் கொலாஜனில் அத்தகைய பிணைப்பு இல்லாமையால் மயிர் கரைய, தோல் எஞ்சுகிறது. சோடியம் சல்பைடு பரவுவதற்கு முன்னரும் இவ்வேலைக்குச் சல்பைடு உண்டு. ஆனால் அது கனிமமாக வந்தது. எச். ஆர். புரோக்டர் 1903இல் வெளியிட்ட தோல் உற்பத்தி நூல், கையுறைக்கான மென்தோல்களுக்குச் 'சிவப்பு ஆர்சனிக்கு' கலந்த சுண்ணாம்பைப் பேசுகிறது. சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது அதனைச் சேர்த்தால் கால்சியம் ஹைட்ரோசல்பைடு உண்டாகும். மயிரை அறுப்பது அதுவே. இச்சிவப்பு ஆர்சனிக்குதான் நம் மருத்துவ நூல்களின் மனோசிலை.

இதனை ஐரோப்பியர் கொணர்ந்த நுட்பம் என்று கருதுவதற்கில்லை. சங்குச் சுண்ணம் இரு பங்கு, தாளகம் ஒரு பங்கு எடுத்துப் புளிக்காடியில் அரைத்துப் பூசி மயிர் நீக்கும் முறையைச் சுசுருத சங்கிதையின் சிகிச்சைப் பகுதி கூறுகிறது. மருத்துவர் மனித உடலுக்குச் சொன்னதும் தோல் பதனிடுவோர் ஆட்டுத் தோலுக்குச் செய்ததும் வேதியியலில் ஒன்றே.

கனிம இயல்புகள்

மனோசிலையைக் கனிமவியலார் ரியால்கர் என்பர். 'சுரங்கத் தூள்' எனப் பொருள்படும் அரபுத் தொடரிலிருந்து வந்த பெயர் அது. நான்கு ஆர்சனிக் அணுக்களும் நான்கு கந்தக அணுக்களும் கூடு போல இணைந்த மூலக்கூறுகளால் ஆனது. கடினத்தன்மை 1.5 முதல் 2 வரை, நகத்தால் கீறலாம். ஒப்படர்த்தி ஏறத்தாழ 3.56. நிறமும் உரைகோடும் செம்மஞ்சள் முதல் சிவப்பு வரை அமையும்.

தாளகம் அல்லது அரிதாரம் ஆர்பிமென்ட் எனப்படும். இலத்தீனில் 'பொன் நிறமி' என்பது அதன் பெயர். இதில் இரண்டு ஆர்சனிக் அணுக்களுக்கு மூன்று கந்தக அணுக்கள். கடினத்தன்மை மனோசிலையை ஒத்ததே, ஒப்படர்த்தி 3.49. அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்திருப்பதால் கனிமம் மெல்லிய ஏடுகளாகப் பிரிகிறது, ஏடுகள் வளையும். மடலரிதாரம் என்னும் தமிழ்ப்பெயர் இவ்வியல்பையே குறிக்கிறது. கண்ணால் காணும் பிளவைக் கொண்டு ஒரு கனிமத்தை வேறுபடுத்தும் இச்சொல்லுக்கு, நிறத்தைக் காட்டும் பெயர்களைவிட ஆய்வு மதிப்பு மிகுதி என்பது கட்டுரையாளர் கருத்து.

இவை தமிழகத்தில் வெட்டியெடுக்கப்பட்டவை அல்ல. வணிகத்தின் வழியே வந்த அரும்பொருள்கள். சித்ரால் சுரங்கங்களும், பர்மா வழியாகப் பொருள் அனுப்பிய யுன்னானும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வணிகத்தில் அறியப்பட்ட மூலங்கள். நெடுவழி வந்த பொருளின் பெயரும் அடையாளமும் கைமாறக் கைமாறக் குழம்புவது இயல்பு.

இரு வகைப்பாடுகள்

இன்றைய கனிமவியல், வேதி இயைபையும் படிக அமைப்பையும் அடிப்படையாகக் கொண்டது. பெர்சீலியசு பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த வேதியியல் நெறியும், ஹூகோ ஸ்டிரன்ஸ் 1941இல் வெளியிட்ட அட்டவணைகளும் இதற்கு வழிகோலின. ஸ்டிரன்ஸ் வகைப்பாட்டில் இவ்விரண்டும் சல்பைடு வகுப்பில், ஆர்சனிக்–கந்தகக் கனிமங்களாக அருகருகே நிற்கின்றன. பாதரச சல்பைடாகிய இலிங்கம் அதே வகுப்பில் வேறொரு பிரிவில் உள்ளது.

சித்த மருத்துவம் பாடாணங்களை 64 எனக் கொண்டு, பிறவி 32, வைப்பு 32 எனப் பகுக்கிறது. பட்டியல் நூலுக்கு நூல் வேறுபடும். மனோசிலை, தாளகம், இலிங்கம், கந்தகம் யாவும் பாடாணங்களே. வடமொழி ரசநூல் மரபு வேறாகச் செல்கிறது: ரசரத்தின சமுச்சயம் கந்தகம், தாளகம், மனோசிலை மூன்றையும் எட்டு உபரசங்களுள் வைக்கிறது. பாதரசத்தோடு கொள்ளும் உறவை மையமாக வைத்தது அந்த வகைப்பாடு. தமிழ் வகைப்பாடு இரண்டு வினாக்களை எழுப்புகிறது: இப்பொருள் தானே விளைந்ததா, செய்யப்பட்டதா? உடலுக்குள் சென்றால் என்ன செய்யும்? ஆகவே பாடாண வகைப்பாட்டைச் சல்பைடு வகுப்பின் முதிராத வடிவம் என்று மதிப்பிடுவது பொருந்தாது. பெயரிலேயே நஞ்சை அறிவித்துவிடும் வகைப்பாடு அது. தொழிற்கூடத்துச் சோடியம் சல்பைட்டின் பெயரில் அவ்வெச்சரிக்கை இல்லை. சல்பைடு நீரில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு எழும். வளி மிகும்போது மூக்கின் உணர்வே மழுங்கிப்போவதால் நாற்றத்தை நம்பித் தொட்டிக்குள் இறங்குபவர் ஏமாறுகிறார்.

மஞ்சளாகும் மனோசிலை

நிறத்தை நம்புவோரும் அவ்வாறே ஏமாற நேர்கிறது. பழைய ஓவியங்களிலும் அருங்காட்சியகக் கற்களிலும் மனோசிலை மஞ்சள் தூளாக உதிர்வதைக் கண்டவர்கள் அதனை நெடுங்காலம் தாளகம் என்றே கொண்டனர். 1980இல் பாராரியால்கர் என்னும் தனிக்கனிமம் விவரிக்கப்பட்டது. அதன் வேதி இயைபு மனோசிலையுடையதே. மூலக்கூறுக்குள் அணுக்களின் இணைப்பு மட்டும் வேறு. மனோசிலையின் மீது ஒளி படும்போது, சிறப்பாக 500 முதல் 670 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களில், உண்டாவது இம்மஞ்சள் கனிமமே எனத் டக்லசு, சிங், வாங் ஆகியோரின் 1992ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. காற்றும் உடன் சேரும்போது சிறிதளவு ஆர்சனிக் மூவாக்சைடு உண்டாகிறது. சித்த மருத்துவத்தின் வெள்ளைப் பாடாணம் அதுதான். நீரில் எளிதில் கரையாத சல்பைடைவிடப் பன்மடங்கு கொடிய நஞ்சு.

இதன் விளைவுகளுள் முதலாவது சொல் வரலாறு பற்றியது. கதகளி ஒப்பனையில் மனயோலை என்பது மஞ்சள் நிறமி. அச்சொல் மனோசிலை என்பதன் திரிபு. எனினும் மனோசிலை சிவப்பு. தமிழிலோ தாளகத்தின் பெயராகிய அரிதாரம் கூத்தர் ஒப்பனை முழுமைக்கும் பொதுப்பெயராயிற்று. மலையாளத்தில் நேர்ந்த நிறமாற்றத்தைப் பெயர்க் குழப்பம் என்று தள்ளாமல், ஒளிபட்டு மஞ்சளான மனோசிலை பழைய பெயரையே தாங்கி நின்றிருக்கலாம் எனக் கருத இடமுண்டு. இது கட்டுரையாளரின் கருதுகோள். பழைய ஒப்பனைப் பொருள்களில் எஞ்சிய நிறமியை இராமன் நிறமாலையால் சோதித்தால் மெய்யா பொய்யா என்பது விளங்கிவிடும். பாராரியால்கரும் தாளகமும் அச்சோதனையில் தெளிவாக வேறுபடுகின்றன.

மற்றொன்று மருந்து பற்றியது. மனோசிலையை இஞ்சிச் சாற்றிலும் தாளகத்தைச் சுண்ணாம்பு நீரிலும் சுத்தி செய்யும் முறைகளை நூல்கள் கூறுகின்றன. சுத்தி என்பது வெறும் சடங்கு எனச் சிலர் எழுதுவதுண்டு. வெள்ளைப் பாடாணம் கார நீரில் கரையும் என்பதை நோக்க, சுண்ணாம்பு நீரில் இடும் முறையேனும் கரையும் நஞ்சைக் கழுவி நீக்கும் செயலாக அமைந்திருக்கக்கூடும். ஆனால் சுத்தி செய்த பின்னரும் மனோசிலையைக் கண்ணாடிப் புட்டியில் வெளிச்சத்தில் வைத்தால் அந்நஞ்சு மீண்டும் உண்டாகும்.

சுவடி பதிப்பிப்போர் 'மஞ்சள் மனோசிலை' போன்ற தொடரைக் காணும்போது ஏட்டெழுதியவர் பிழை எனத் திருத்திவிடாமல், மூலபாடத்தை அப்படியே வைத்து அடிக்குறிப்பில் பாராரியால்கரைச் சுட்டலாம்.