மலையிறங்கி வந்த மனு

கள்ளக்குறிச்சிக்கு 1993 வரை மாவட்டத் தலைநகர் கடலூர், பிறகு விழுப்புரம். புருஷனிடம் அடிவாங்கிய, அந்தப் பகுதியின் கல்வராயன்மலைப் பெண் கலெக்டரிடம் மனு கொடுக்க, மலையிறங்கி பஸ் பஸ்ஸாக மாற வேண்டியிருந்தது.

1992-ல் சென்னை ஆயிரம்விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. பெரிய திருப்பம்தான். ஆனால் போலீஸ் வழக்குப் போடும். அன்றிரவு அவள் எங்கே தங்குவாள்?

அதற்கு வழி சொன்னது 2006 அக்டோபர் 26-ல் அமலான குடும்ப வன்முறைச் சட்டம். பாதுகாப்பு அலுவலர் சம்பவ அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். நகல் காவல் நிலையத்துக்குப் போகும். கேட்டால் மருத்துவமனை சிகிச்சையும் காப்பகம் இடமும் தந்தாக வேண்டும். முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள்.

2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. மலைக்கும் தனி வட்டம். இனி பாதுகாப்பு அலுவலரும் போலீசும் நர்ஸும் மலைமேல் உள்ள வெள்ளிமலையில் வாரம் ஒருநாள் ஒரே அறையில் உட்கார வேண்டும்.