விளக்கம்: வீட்டில் செய்த ஹைட்ரஜன் கருவி கார் மைலேஜை உயர்த்துமா?

தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் வாயுவைப் பிரித்து இன்ஜினுக்கு அனுப்பும் சிறு கருவியைக் காரில் பொருத்தினால் பெட்ரோல் செலவு வெகுவாகக் குறையும் என்ற கூற்று நீண்ட காலமாகப் பரவி வருகிறது. இக்கருவி செயல்படும் விதம், அதன் பயன், ஆபத்து மற்றும் சட்ட நிலை குறித்த விவரங்கள் வருமாறு:

கருவி என்பது என்ன?

மூடிய கலனில் தண்ணீரும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போன்ற காரமும் நிரப்பப்பட்டு, எவர்சில்வர் தகடுகள் வழியாகக் கார் பேட்டரியின் மின்சாரம் செலுத்தப்படுகிறது. அப்போது வெளிப்படும் இரு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் கலந்த வாயு, குழாய் மூலம் இன்ஜினின் காற்று உள்வழியில் சேர்க்கப்படுகிறது.

எரிபொருள் மிச்சமாகுமா?

ஆகாது என்பதைக் கணக்கே காட்டுகிறது. நிமிடத்திற்கு ஒரு லிட்டர் வாயு தரும் கருவி, ஒரு மணி நேரத்தில் சுமார் 3.3 கிராம் ஹைட்ரஜனை உற்பத்தி செய்யும். அதன் ஆற்றல் ஏறத்தாழ 12 மில்லி லிட்டர் பெட்ரோலுக்குச் சமம்.

இதற்குச் சுமார் 200 வாட் மின்சாரம் தேவை. அந்த மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் வழங்குகிறது. ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவதோ பெட்ரோலில் இயங்கும் இன்ஜின். இன்ஜினின் திறன் 25 சதவீதம், ஆல்டர்னேட்டரின் திறன் 60 சதவீதம் எனக் கொண்டால், மணிக்கு சுமார் 150 மில்லி லிட்டர் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். அதாவது, வரவைக் காட்டிலும் செலவு பன்மடங்கு அதிகம்.

ஹைட்ரஜன் சேர்வதால் பெட்ரோல் முழுமையாக எரியும் என்றும் கூறப்படுகிறது. ஆனால் நல்ல நிலையில் உள்ள இன்றைய இன்ஜின்களில் எரியாமல் வீணாகும் பெட்ரோல் மிகச் சொற்பமே.

ஆபத்துகள் யாவை?

காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்திருக்கும் நிலையில் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது. கருவியில் உருவாகும் கலவையில் ஆக்சிஜனும் இருப்பதால் சிறு தீப்பொறியே வெடிப்புக்குப் போதுமானது. காரக் கரைசல் தோலையும் கண்ணையும் பாதிக்கும். அதற்குப் பதிலாகச் சமையல் உப்பைப் பயன்படுத்தினால் நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு வெளியாகும்.

சட்டம் கூறுவது என்ன?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல வடிவமைப்பிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது. வேறு எரிபொருளுக்கு மாற்றுவதாயின் அங்கீகரிக்கப்பட்ட கிட் மட்டுமே பொருத்தப்பட வேண்டும்.

அங்கீகரிக்கப்பட்ட எரிபொருள் மாற்றத்திற்குக் கொல்கத்தாவே உதாரணம். கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் 2008-ஆம் ஆண்டு உத்தரவைத் தொடர்ந்து, பழைய டூ-ஸ்ட்ரோக் ஆட்டோக்கள் விலக்கப்பட்டு, பெஹாலா உள்ளிட்ட பகுதிகளில் எல்பிஜி ஆட்டோக்கள் இயக்கப்படுகின்றன.

முந்தைய நிகழ்வுகள்

தண்ணீரில் கார் ஓடும் என அறிவித்த அமெரிக்கர் ஸ்டான்லி மேயர் மோசடி செய்ததாக ஒஹாயோ நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்து, முதலீட்டாளர்களின் பணத்தைத் திருப்பித் தர உத்தரவிட்டது. அதே ஆண்டு, மூலிகையைக் கொண்டு தண்ணீரிலிருந்து பெட்ரோல் தயாரிப்பதாகக் கூறித் தமிழகத்தைச் சேர்ந்த ராமர் பிள்ளை நாடு முழுவதும் கவனம் பெற்றார். சிபிஐ தொடர்ந்த வழக்கில் அவருக்கு 2016 அக்டோபரில் சென்னை எழும்பூர் நீதிமன்றம் 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

ஹைட்ரஜனுக்கு எதிர்காலம் உண்டா?

உண்டு. ஆனால் அது வாகனத்திற்கு வெளியே தயாரிக்கப்பட வேண்டும். தில்லியில் 2020 அக்டோபரில் ராஜ்காட் பணிமனையிலிருந்து 50 பேருந்துகள் ஹைட்ரஜன் கலந்த சிஎன்ஜியில் சோதனை முறையில் இயக்கப்பட்டன. ரூ.19,744 கோடி மதிப்பிலான தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்திற்கு மத்திய அமைச்சரவை 2023 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது.

தனிநபர்கள் எரிபொருளைச் சேமிக்க, டயர்களில் உரிய காற்றழுத்தத்தைப் பராமரித்தல், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்டுதல், சிக்னலில் நிற்கும்போது இன்ஜினை நிறுத்துதல் ஆகியவையே செலவில்லாத, பயன் உறுதியான வழிகளாகும்.