மாநிறத்தார் தோழமைச் சங்கம்

ஓரினத்தார் ஒன்றுகூடிச் சங்கம் அமைப்பது நோயுற்றார்க்கும், கைம்பெண்டிர்க்கும், தந்தையற்ற சிறார்க்கும் துணையாதற்பொருட்டே என்பது யாவரும் ஒப்புவதொன்று. அத்தகைய நற்பணியைச் செவ்வனே ஆற்றிய ஒரு சங்கம், தன்னினத்தாருள்ளேயே கருநிறமுடையார்க்கு வாயிலை அடைத்து வைத்த வரலாறு ஒன்று அமெரிக்க ஐக்கிய நாட்டில் உண்டு. சங்கப் பத்திரிகை படிக்கும் நாம் அதனை ஊன்றிக் கருதவேண்டுமாதலின், ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றாம்.

அந்நாட்டின் தென் கரோலினா மாநிலத்தில், அட்லாண்டிக் கடற்கரையில் அமைந்த துறைமுக நகரம் சார்ல்ஸ்டன். ஆப்பிரிக்காவினின்றும் பிடித்துக் கொணரப்பட்ட மக்கள் பல்லாயிரவர் அங்கே கரையிறக்கப்பட்டு அடிமைகளாக விற்கப்பட்டனர். அம்மாநிலத்து நெல் வயல்கள் அவர்தம் உழைப்பால் விளைந்தன. அடிமைப் பெண்ணின் வயிற்றிற் பிறந்த மகவு, தந்தை யாவனாயினும், தாயைப்போல் அடிமையே என்பது அக்காலச் சட்டம். வர்ஜினியாவில் 1662-ஆம் ஆண்டில் இவ்விதி எழுதப்பட்டது. பின்னர்ப் பிற குடியேற்றப் பகுதிகளிலும் பரவியது. ஆதலின், மறுக்கும் உரிமையற்ற அடிமைப் பெண்டிரிடத்துத் தாம் பெற்ற மக்களையே வெள்ளையர் அடிமைகளாக வைத்திருக்கவும் விற்கவும் சட்டம் இடந்தந்தது. ஆயினும் அவருட் சிலர் அம்மக்களுக்கு விடுதலையளித்தனர். தொழில் கற்பித்தாரும் பொருள் ஈந்தாரும் உளர். இங்ஙனம் விடுதலை பெற்றாருள் இருகுலக் கலப்பிற் பிறந்த மாநிறத்தார் மிகுந்திருந்தனர். தச்சு, தையல் முதலிய தொழில்களால் அவர் செல்வமும் ஈட்டினர். வெளிர்நிறத்தின் பெருமையென்று பிற்காலத்தார் பாராட்டியது, வேர் வரை சென்று நோக்குவார்க்குத் தாய்மார் உற்ற கொடுமையின் எச்சமாகவே தோன்றும்.

சார்ல்ஸ்டனில் புனித பிலிப்பு ஆலயம் என்றொரு கிறிஸ்தவக் கோயில் உண்டு. விடுதலை பெற்ற மாநிறத்தார் அங்கே தொழலாம். இறந்தபின் அக்கோயில் வளாகத்துட் புதைக்கப்படுதல் ஆகாது. அந்நிலம் வெள்ளையர்க்கே உரியது. இக்குறையைப் போக்கும் பொருட்டு அவ்வாலயத்தைச் சார்ந்த மாநிறத்தார் ஐவர் 1790-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று ஒரு சங்கம் நிறுவினர். மாநிறத்தார் தோழமைச் சங்கம் என்பது அதன் பெயர். உறுப்பினர் ஐம்பதின்மருக்கு மேற்படலாகாது என வரையறுத்தனர். இடுகாட்டிற்கு நிலம் வாங்கினர். பிணியுற்றாரைப் பேணினர், இறந்தாரை அடக்கஞ் செய்தனர், கைம்பெண்டிர்க்குப் பொருளுதவி செய்தனர், சிறார்க்குக் கல்வி அளித்தனர். இவையனைத்தும் போற்றத்தக்கனவே.

ஆயின் அச்சங்கத்திற் சேர்தற்கு விடுதலையும் நல்லொழுக்கமும் மட்டும் போதா, நிறமும் வேண்டியிருந்தது. விடுதலை பெற்றவரேயாயினும் கருநிறத்தார்க்கு அங்கே இடமில்லை. அரசியலையும் சமயப் பூசல்களையும் பற்றிக் கூட்டத்திற் பேசுதல் கூடாது என்றும் விதி செய்திருந்தனர். நாற்புறமும் அடிமை முறை நிலவிய நகரத்திலே அதனைப்பற்றி வாய்திறவாது கூடிப் பேசுதலே அவர்க்கு இயல்பாயிற்று. அன்றியும், உறுப்பினருட் சிலர் தாமே அடிமைகளை உடையராயிருந்தனர்.

அவரை முற்றும் பழித்துரைத்தல் நேரிதன்று. அவர் பெற்ற விடுதலை வெள்ளையர் பொறுத்துக்கொண்டிருக்குமளவே நிற்பது. அடிமைகளோடு தம்மையும் ஒருங்கு வைத்து எண்ணிவிடுவரோ என்னும் அச்சம் அவரை இடையறாது வருத்தியது. அவ்வச்சத்தாலேயே, தாம் வேறு, அவர் வேறு என்று காட்டுதற்கு நிறத்தை அடையாளமாகக் கொண்டனர். இனி ஆராயற்பாலது, அவ்வடையாளம் அவரைக் காத்ததோ என்பதே.

1822-ஆம் ஆண்டில், டென்மார்க் வெசி என்னும் தச்சர் அடிமைகளைத் திரட்டிக் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார் என்று குற்றஞ் சாட்டப்பட்டார். அவர் பரிசுச்சீட்டிற் கிடைத்த பணத்தால் தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்துப் பெற்ற கருநிறத்தார். அச்செய்தி ஓர் அடிமையின் செவிக்கு எட்டிற்று. அதனைத் தன் ஆண்டைக்கு உரைத்துவிடுமாறு அவ்வடிமைக்கு அறிவுரை கூறியவர் வில்லியம் பென்சீல். அவர் மாநிறத்தார் சங்கத்தைச் சேர்ந்தவர். வெசியும் பிறருமாக முப்பத்தைவர் தூக்கிலிடப்பட்டனர். பென்சீல் அரசினரால் பரிசளிக்கப்பெற்றார். ஆயின் அவ்வாண்டின் இறுதியில் இயற்றப்பட்ட சட்டம், பதினைந்து வயதிற்கு மேற்பட்ட விடுதலை பெற்ற ஆடவர் ஒவ்வொருவரும் ஒரு வெள்ளையரைக் காப்பாளராகக் கொள்ளவேண்டும் என்று விதித்தது. மாநிறத்தாரும் அதற்கு விலக்கல்லர்.

கருநிறத்து உரிமை மக்களும் வாளாவிருந்தாரல்லர். தாமஸ் ஸ்மால் என்பார் 1843-ஆம் ஆண்டில் அவர்க்கென ஒரு சகோதரச் சங்கம் நிறுவினார். அவரும் தமக்கென இடுகாடு வாங்கினர். அது மாநிறத்தாரின் இடுகாட்டை அடுத்தே அமைந்தது. உயிரோடிருக்கையில் ஒரு கூட்டத்தில் அமரவொட்டாது பிரித்த நிறம், மண்ணுட் சென்றபின்னும் அவரை ஓரிடத்துக் கிடக்கவிடவில்லை.

1860-ஆம் ஆண்டு வந்தது. உள்நாட்டுப் போர் மூளுதற்கு முன், சார்ல்ஸ்டன் நகர அதிகாரிகள் வீடுதோறும் புகுந்து, விடுதலைக்குச் சான்று காட்டுமாறு வினவினர். சான்றிலார் மீண்டும் அடிமையாகும் இடர் நேர்ந்தது. தலைமுறை தலைமுறையாக உரிமையோடு வாழ்ந்த மாநிறக் குடும்பங்கள் பலவும் வீடு வாசல்களை விட்டு வடமாநிலங்கட்குச் சென்றன. எழுபதாண்டு காத்துவந்த நிறவேறுபாடு அன்று அவர்க்கு ஒரு துணையும் செய்திலது.

போர் முடிந்து 1865-ஆம் ஆண்டில் அடிமை முறை ஒழிந்தது. பின்னரும் இவ்வுண்மை மற்றொரு நகரத்திற் புலனாயிற்று. லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1892-ஆம் ஆண்டில் ஹோமர் பிளெசி என்பார் வெள்ளையர்க்குரிய புகைவண்டிப் பெட்டியில் அமர்ந்தமையாற் சிறைப்பிடிக்கப்பட்டார். அவர்தம் முன்னோருள் எட்டிலொரு பங்கினரே ஆப்பிரிக்கர். பார்வைக்கு வெள்ளையரே போல்வார். எனினும் 1896-ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வெள்ளையர் வகுத்த சட்டம் அவ்வினத்தார் அனைவரையும் ஒரே பெட்டியில் ஏற்றிற்று. அவரோ தமக்குள் ஏறத்தாழ நிறம் நோக்குதலை விட்டாரில்லை. மணத்திலும், மன்றங்களிற் சேர்த்தலிலும், முகப்பூச்சு வாணிகத்திலும் அவ்வழக்கம் தொடர்ந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஆலிஸ் வாக்கர் என்னும் அவ்வினத்து எழுத்தாளர், ஓரினத்தார் தம்முள்ளே நிறம் பற்றிக் காட்டும் உயர்வு தாழ்விற்குத் தனிப்பெயரிட்டு எழுதினார். பெயரின்றி நெஞ்சை அறுத்த நோய் அன்றுமுதல் பலரும் வெளிப்படப் பேசும் பொருளாயிற்று.

மாநிறத்தார் சங்கம் 1890-ஆம் ஆண்டில் நூற்றாண்டுத் தோழமைச் சங்கம் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. அதன் இடுகாடு 20-ஆம் நூற்றாண்டிற் பிறர் கைப்பட்டது. இன்று அவ்விடத்திற் சார்ல்ஸ்டன் கல்லூரியின் நூலகம் நிற்கின்றது. அங்கே கிடந்தாரை நினைவூட்டும் கல்லும் நாட்டப்பட்டுள்ளது.

அன்பர்களே, மணம் பேசுங்கால் குணம் வினவுமுன் நிறம் வினவும் வழக்கம் நம்மிடையேயும் உண்டு. ஆதலின் இவ்வரலாற்றை அயலார் கதையென்று தள்ளிவிடலாகாது. சங்கத்தின் ஆண்டறிக்கையில் உதவி பெற்றார் பெயர் வரும். வாயிலில் நின்று திரும்பினார் பெயர் வாராது. பிறர் இரங்கி அளித்த மேன்மையை அவரே மீளப் பறித்துக்கொள்ளுதல் எளிது. அந்நாளில் நம்மோடு நிற்கவேண்டியவர், நாம் முன்னே புறத்து நிறுத்தியவரே. இதனை நம் சங்கத்தார் உறுப்பினர் சேர்க்குங்காலும், சம்பந்தம் பேசுங்காலும் மறவாது உளங்கொள்வாராக.