தட்டோட்டுக்குக் கீழே இருந்தது

கண்மாய் வண்டலைப் பிசைந்து, அச்சில் தட்டி, நிழலில் உலர்த்தி, சூளையில் வேகவைத்து எடுக்கிற சதுர ஓடுதான் தட்டோடு. கடத்துக்குப் பேர்போன மானாமதுரைப் பக்கத்துச் சூளைகளிலிருந்தும் லாரி ஏறி வரும். மொட்டை மாடியோடு வளர்ந்த யாருக்கும் அதன் சிவப்பு பழக்கம்தான். வத்தலை அள்ளிய பிறகு கண்ணில் படுவது அதுதானே. "வெயிலுக்குத் தட்டோடு போட்டிருக்கோம்" என்று வீட்டுக்காரர்கள் திருப்திப்பட்டுக்கொள்வதும் அதைக் காட்டித்தான். பாராட்டு முழுவதும் ஓட்டுக்கே போய்விட்டது. வெப்பத்தைத் தடுத்ததில் பெரும்பங்கு அதற்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த மூன்று அங்குலத்துக்கு உரியது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்தத் தளத்தைக் கொத்தனார்கள் சுருக்கி என்பார்கள். பொறியாளர்களுக்கு அது வெதரிங் கோர்ஸ்.

இந்தப் பக்கம் கான்கிரீட் வருவதற்கு முன்பே அது இருந்தது. மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீட்டில் அண்ணாந்து பார்த்தால் தேக்கு உத்திரங்கள் வரிசையாக ஓடும். அவற்றின் மேல் 6 அங்குல நீளமும் 3 அங்குல அகலமும் 1 அங்குலக் கனமும் உள்ள மெல்லிய செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, சுண்ணாம்புக் காரையில் சாய்கோட்டு வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேலே ஜல்லித் தளம், கடைசியில் ஓடு. உத்திரத்தை விட்டுவிட்டாலும் அரையடிக் கனம் வரும். சித்திரை வெயில் அதைத் துளைத்துக்கொண்டு அறைக்குள் இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

கான்கிரீட் வந்ததும் உத்திரமும் மெல்லிய செங்கல்லும் வேலையிழந்தன. ஜல்லித் தளம் மட்டும் தப்பித்து கான்கிரீட்டின் முதுகில் ஏறிக்கொண்டது. தமிழ்நாடு பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பு அதற்குச் சொன்ன விகிதம் 32:12½. அதாவது 20 மில்லிமீட்டர் செங்கல் ஜல்லி 32 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு. மணல் கூடவே கூடாது. அந்த அரைப் பங்கைப் பிடிவாதமாக எழுதிவைத்த புண்ணியவான் யாரோ.

அதைப் போடுகிற வேலைதான் பார்க்கவேண்டியது. சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றிச் சலிப்பார்கள். ஜல்லி காய்ந்திருந்தால் சுண்ணாம்பின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால், அதை முதலிலேயே ஊறவைத்துவிட வேண்டும். கலவையைக் கொட்டி, மழைநீர்க் குழாய் இருக்கிற மூலைக்கு வாட்டம் பார்த்துப் பரப்புவார்கள். பிறகு சித்தாள் பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டத் தொடங்குவார்கள். ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை தட்டிக்கொண்டே போய், அங்கிருந்து தட்டிக்கொண்டே திரும்புவார்கள். நடுநடுவே கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பதுண்டு. ஒரே நாளில் முடிகிற காரியமில்லை. தட்டிய கட்டை தளத்தில் பதியாமல் துள்ளித் திரும்ப வேண்டும். அதுவரை தட்டல் நிற்காது. சிமென்டைப்போல மறுநாளே இறுகிக்கொள்ள சுண்ணாம்புக்குத் தெரியாது. காற்றில் உள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்துக்கொண்டு, வருஷக்கணக்கில் திரும்பவும் கல்லாகும். இறுகாமல் இருக்கிற காலத்தில் கொஞ்சம் நெகிழ்ந்தும் கொடுக்கும். வெயிலில் விரிந்து இரவில் சுருங்குகிற கான்கிரீட்டின் மேல் கிடக்க அந்த நெகிழ்வு வேண்டும்.

இவ்வளவு பாடும் எதற்கு என்றால், நம் ஊர்ச் சூரியன் இருக்கிற இடம் அப்படி. சென்னைக்கு நேர் உச்சியில் அது வருஷத்துக்கு இரண்டு முறை வந்து நிற்கிறது: ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருமுறை, ஆகஸ்ட் நடுவில் இன்னொருமுறை. நடுவில் வருவது அக்னி நட்சத்திரம். அந்த மாதங்களில் நண்பகலில் சுவருக்குப் பெரிதாக வெயில் கிடையாது. எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வது மாடிதான். வெறும் கான்கிரீட்டின் மேற்பரப்பு மே மாதப் பிற்பகலில் 60 டிகிரியை நெருங்கும். அந்தச் சூடு அடிப்பக்கம் வந்துசேரச் சில மணி நேரம் பிடிக்கிறது. மேல்மாடியில் இருப்பவர்கள் இரவு பத்து மணிக்கு மின்விசிறியைப் போட்டு அனல்காற்று வாங்குவது இதனால்தான். செங்கல் வழியாக வெப்பம் கடக்கிற வேகம் கான்கிரீட்டில் கடப்பதில் ஏறக்குறைய பாதி. நசுங்காத ஜல்லிக்கு இடையில் அகப்பட்ட காற்று இன்னும் கொஞ்சம் தடுக்கும்.

காற்றையே தடுப்பாகப் பயன்படுத்திய கட்டடம் ஒன்று புதுச்சேரியில் இருக்கிறது. 1930களில் அரவிந்தர் ஆசிரமத்துக்காகக் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே. தட்டையான கான்கிரீட் தளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகளை நிறுத்தி, இரண்டுக்கும் நடுவே காற்று ஓட இடம் விட்டிருக்கிறார். வெயில் படுவது ஒன்று, அறைக்குக் கூரையாக இருப்பது வேறொன்று. வெயிலைக் கூரைக்கு வருமுன்பே மறித்துவிட வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் கட்டிக் காட்டியதில்லை. இன்று அடிப்பக்கத்தில் ஃபால்ஸ் சீலிங் அடித்துச் சூட்டை ஒளித்துவைக்கிறோம். அறைக்குக் கொஞ்சம் நிம்மதிதான். கான்கிரீட் மேலே வெந்துகொண்டேதான் இருக்கிறது, கைப்பிடிச் சுவரோரம் விரிசல் விடுவதும் நிற்பதில்லை.

ஜல்லித் தளத்தை வீழ்த்தியது அதன் எடையும் கூலியும். ஆயிரம் சதுர அடி மாடிக்கு 7 கன மீட்டர் கலவை வேண்டும், கிட்டத்தட்ட 13 டன். அதை மேலே ஏற்றி, நாள்கணக்கில் ஆள் வைத்துத் தட்டவேண்டும். தட்டத் தெரிந்த கைகளும் குறைந்துவிட்டன. கான்ட்ராக்டர் சுலபமான வழி கண்டார்: சிமென்ட் கலவையை ஓர் அங்குலம் பரப்பி அதன்மேலேயே தட்டோட்டைப் பதித்தார். மேலே பார்த்தால் அதே சிவப்பு. அடியில் ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் ஓட்டை எண்ணிப் பணம் கொடுத்தார். சூடு அறைக்குள் இறங்கியபோது ஓட்டின் மேல் பழி போட்டார். அதற்குள் இணைப்புகளில் சிமென்ட் பெயர்ந்து மழைநீர் உள்ளே போயிருக்கும், பாசி படிந்து ஓடும் கறுத்திருக்கும். கறுத்த ஓடு வெயிலை இன்னும் நன்றாகக் குடிக்கும்.

இப்போது ஜல்லித் தளத்தின் இடத்துக்கு மூன்று பேர் போட்டி. வெள்ளை கூலிங் டைல்ஸ், வெள்ளை கூலிங் பெயின்ட், எக்ஸ்.பி.எஸ். என்கிற பாலிஸ்டைரீன் நுரைப் பலகை. முதல் இரண்டும் வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன; பலகை உள்ளே வருவதை மறிக்கிறது. உண்மையைச் சொன்னால், இரண்டு அங்குல எக்ஸ்.பி.எஸ். மறிக்கிற வெப்பத்துக்குப் பக்கத்தில்கூட நம் மூன்று அங்குல ஜல்லி வராது. பழசு என்பதற்காக அதைத் தூக்கிப் பிடிக்க நான் தயாரில்லை. ஆனால் ஏ.சி. இல்லாத வீட்டுக்குக் கனத்த பலகை முதல் தேவை அல்ல. அங்கே முதலில் வேண்டியது வெள்ளை. பகலில் வெயிலைத் திருப்பிவிடும், இரவில் தளம் ஆறுவதையும் தடுக்காது. ஏ.சி. ஓடுகிற வீட்டுக்குப் பலகை போட்ட காசு மின்கட்டணத்தில் திரும்பும். அதையும் நீர்த்தடுப்புப் பூச்சுக்கு மேலே பதித்து, மேலே ஒரு சிமென்ட் தளம் போட்டு மூடவேண்டும்.

வெள்ளைக்கு இப்போது அரசாங்க ஆதரவும் உண்டு. தெலங்கானா 2023இல் குளிர் கூரைக்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. வெள்ளையின் குறை, தூசி. ஒன்றிரண்டு கோடையில் மங்கிவிடும். கழுவவேண்டும், மறுபடி அடிக்கவேண்டும். வெறும் சுண்ணாம்பை ஃபெவிகாலில் கலந்து அடிக்கிற வழியும் ஊரில் பரவியிருக்கிறது. மலிவுதான், ஓர் ஐப்பசி மழைக்கு மேல் தாங்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

பழைய வீட்டை வாங்கியவர்கள் முதலில் செய்வது மாடியை உடைப்பது. அதற்கு முன் ஓரமாக ஒரே ஓர் ஓட்டைப் பெயர்த்துப் பாருங்கள். அடியில் கட்டியான ஜல்லித் தளம் இருந்தால் கடப்பாரையைக் கீழே வைத்துவிடலாம். பெயர்த்த இடத்தை மூடி, இணைப்புகளைச் சுரண்டிப் புதிதாகப் பூசி, பாசியைத் தேய்த்துக் கழுவி, மேலே வெள்ளை அடித்தால் போதும். வெறும் சிமென்ட் இருந்தால் கொத்தனாரிடம் புதுத் தளத்துக்கு விலை கேளுங்கள், வாட்டத்தையும் சேர்த்து.