வீரமாமுனிவரின் டாப் ஹிட் எது?

போன வாரம் நம்ம எபிசோடுகளோட டவுன்லோடு கணக்கை எடுத்துப் பார்த்தேன். மூணு வாரம் உட்கார்ந்து படிச்சு, குறிப்பெடுத்துச் செஞ்ச எபிசோடு கடைசியில கிடக்குது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சும்மா பேசிப் பதிவு பண்ணினது முதல் இடத்துல நிக்குது. கொஞ்சம் கடுப்பாத்தான் இருந்துச்சு. அப்போ ஞாபகத்துக்கு வந்தவர்தான் வீரமாமுனிவர்.

இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680இல் இத்தாலியில் பிறந்த இயேசு சபைப் பாதிரியார். 1710இல் கோவாவில் வந்து இறங்கி, அங்கிருந்து மதுரை மிஷனுக்கு வந்தார். அதாவது, முப்பது வயசுல தமிழை அ, ஆ-விலிருந்து ஆரம்பிச்ச மனுஷன்.

அவர் உயிரைக் கொடுத்து எழுதியது தேம்பாவணி. இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக வைத்த காப்பியம். 3 காண்டம், 36 படலம், 3,615 பாடல்கள். நாட்டுப்படலம், நகரப்படலம் என்று நம் காப்பிய மரபிலேயே கட்டியிருக்கிறார். பள்ளிப் பாடத்தில் நாலு செய்யுள் படிச்சிருப்போம். முழுசாப் படிச்சவங்க எத்தனை பேர்னு கேட்டா, நானே கை தூக்க முடியாது.

சரி, மக்கள் எதைப் படிச்சாங்க? பரமார்த்த குரு கதை. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன்னு அஞ்சு சீடர்கள். ஆறு தூங்குதா முழிச்சிருக்கான்னு கொள்ளிக்கட்டையைத் தண்ணியில வெச்சுப் பார்ப்பாங்களே, அந்தக் கூட்டம்தான். ஆத்தைக் கடந்ததும் தன்னை விட்டுட்டு மத்தவங்களை மட்டும் எண்ணி, ஒருத்தன் செத்துட்டான்னு அழுவாங்க. பூசணிக்காயைக் குதிரை முட்டைன்னு காசு கொடுத்து வாங்குவாங்க. பாட்டி சொல்லிக் கேட்ட பலருக்கு, இதை எழுதினது ஒரு பாதிரியார்னே தெரியாது.

இதைத் தன் தமிழ்–லத்தீன் அகராதியோடு ஒரு பிற்சேர்க்கையாகத்தான் வைத்தார். தமிழ் கற்க வரும் பாதிரிமாருக்கு வாசிப்புப் பயிற்சி. நம்ம பாஷையில சொன்னா, மெயின் புராடக்ட் இல்ல, கூடவே வர்ற சாம்பிள் ஃபைல். ஆனா 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் இதை அச்சிட்டார். தேம்பாவணி முழுசா அச்சேற 1850கள் வரைக்கும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இன்னொண்ணு பாருங்க. பேச்சுத் தமிழுக்கு அவர் லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. அச்சிட்டது யாரு? அவர் யாரை எதிர்த்துக் காரசாரமா எழுதிக்கொண்டிருந்தாரோ, அந்த லுத்தரன் மிஷன்காரர்களே! கொள்கை ஒத்துப்போகல, ஆனா வேலைக்கு ஆகிற புத்தகம், அதனால வேணும்.

இதுல எனக்கு ஒரு பேட்டர்ன் தெரியுது. தன் முழு உயரத்தில் நின்று எழுதியது கொஞ்சப் பேரிடம்தான் போய்ச் சேர்ந்தது. புதுசா கத்துக்கிறவனுக்காகக் குனிந்து எழுதியது ஊரெல்லாம் போனது. ஆனா அதுக்கு ஒரு விலையும் இருக்கு. மறை பரப்பக் கடல் தாண்டி வந்தவரோட டாப் ஹிட் கதையில் அவருடைய மறை பற்றிய பேச்சே இல்ல. அவர் சொல்லத் துடிச்சதெல்லாம் தேம்பாவணியிலதான் இருக்கு.

அப்போ அந்தக் காப்பிய உழைப்பு வீணா? எனக்கு அப்படித் தோணல. செந்தமிழில் அவ்வளவு ஆழம் போனவருக்குத்தான் அவ்வளவு எளிமையாக் கதை சொல்லவும் வந்திருக்கும்னு நினைக்கிறேன். டவுன்லோடு கணக்கு முதல் இடத்தைக் காட்டும். அதுக்குக் கீழ இருக்கிற அஸ்திவாரத்தைக் காட்டாது.

கடைசியா ஒண்ணு. எகர, ஒகரக் குறிலையும் நெடிலையும் தனித்தனி வடிவத்தில் பிரித்துக் காட்டும் எழுத்துச் சீர்திருத்தம் அவர் பெயரில்தான் சொல்லப்படுகிறது. ‘மேலே’, ‘போ’ன்னு நீங்க டைப் பண்ற ஒவ்வொரு தடவையும் அந்த ஏற்பாட்டைத்தான் பயன்படுத்துறீங்க. அப்படிப் பார்த்தா உண்மையான டாப் ஹிட் அந்த இரட்டைச் சுழிக் கொம்புதான். அதுக்கு யாரும் லைக் போடுறதில்ல, அவ்வளவுதான்.

நான் அந்தக் கடைசி இடத்து எபிசோடை அழிக்கல. இருக்கட்டும். அடுத்த வாரம் பார்க்கலாம்.