தோட்ட நாவல்கள் கூறும் வரலாறு

பொருள் தேடிப் பிரிதலை நம் முன்னோர் பாலைத் திணையில் வைத்துப் போற்றினர். தலைவன் சுரம் கடந்து செல்வான். தலைவி இல்லிலிருந்து நாளெண்ணி வருந்துவாள். கருதிய பொருள் கைகூடியதும் அவன் மீள்வான். கடல்வழிச் செல்வோர் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்றும் தொல்காப்பியம் உரைக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மரபு மாறியது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி மலாயாவுக்குச் சென்றவருள் மகளிரும் இருந்தனர், கைக்குழந்தைகளும் இருந்தனர். மீண்டவர் பலர், மீளாதவரும் பலர். மீளாதவரின் மக்களும் பேரமக்களும், “இது எவர் மண்? இம்மண்ணில் நாம் யார்?” என வினவினர். மலேசியத் தமிழ் நாவல்களுள் சிறந்தவற்றில் உயிராக நிற்பது அவ்வினாவே.

அவ்வினா வெறும் மனவருத்தத்தில் முளைத்ததன்று. கூலி, நிலம், குடியுரிமைச் சீட்டு ஆகிய மூன்றும் கையில் நில்லாமல் நழுவிய காலங்களில் பிறந்தது. ஆகவே இந்நாவல்களைக் கண்ணீர்க் கதைகளாக மட்டும் படிப்பது குறைப்படிப்பாகும். அவற்றை ஒரு மக்களின் உரிமைப் பட்டயங்களாகவும் படிக்க வேண்டும் என்பதே ஈண்டு நாம் நிறுவக் கருதுவது.

அசகான் மண்

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில், லேடாங் மலை தோன்றும் திசையில் அமைந்தது நியாலாஸ், அசகான் வட்டாரம். மலாயாவில் வாணிக நோக்குடன் இரப்பர் பயிரிட்ட முன்னோடி, மலாக்காவைச் சேர்ந்த சீனரான டான் சே யான் ஆவார். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் சிறு அளவில் தொடங்கிய அவர், அதனை அடுத்துப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் அமைத்தார். பின்னர் அத்தோட்டம் இலண்டன் கம்பெனியின் கைக்கு மாறியது. மலாயாவின் செல்வம் வளர்ந்த நாற்றங்கால்களுள் இவ்வட்டாரமும் ஒன்று எனலாம்.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழிந்தன. 1967-இல் அதே புக்கிட் அசகான் தோட்டத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, தம் குறையை முறையிடக் கோலாலம்பூர் வரை நடந்தே சென்றனர். அது நூறு மைலுக்கு மேற்பட்ட வழி. நாடு விடுதலை பெற்றுப் பத்தாண்டு ஆகியிருந்தது. உலகச் சந்தைக்குப் பால் வழங்கிய மரங்களின் அடியில் வாழ்ந்தவர், தம் சொல் தலைநகரில் கேட்கப்பட வேண்டுமாயின் கால் தேய நடக்க வேண்டியிருந்தது. சமனின்மை என்னும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமோ?

மூன்று ஏமாற்றங்கள்

இம்மக்கள் வாழ்வில் வாக்குறுதிகளும் ஏமாற்றங்களும் மாறி மாறி வந்தன. அவற்றுள் மூன்று பெரியவை.

முதலாவது, கங்காணியின் வாக்கு. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் முடிவுக்கு வந்தது. 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதியின் துணையுடன் கங்காணிகள் தத்தம் ஊர்களுக்குச் சென்று உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்தனர். பொன் விளையும் நாடு என்பது பேச்சு. விடியுமுன் பெரட்டில் நின்று பேர் கொடுப்பது வாழ்வு. 1920-களின் பிற்பகுதியில் பல தோட்டங்களில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு; பெண்ணுக்கு 40 காசு. 1930-களில் பெருமந்தம் வந்தபோது அதுவும் குறைந்தது. பல்லாயிரவர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938-இல் இந்திய அரசாங்கம் கூலியாட்களை இவ்வாறு அனுப்புவதைத் தடை செய்தது.

இரண்டாவது, போர். 1942, 1943 ஆகிய ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் பாதை அமைத்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் காலராவாலும் பசியாலும் அடியாலும் அங்கே மாண்டனர். அதே காலத்தில்தான் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் தோட்டத்து இளைஞரும் இளம்பெண்களும் சேர்ந்தனர். கூலி என்று அழைக்கப்பட்டவன் வீரன் என்று அழைக்கப்பட்டான். 1945-இல் போர் முடிந்தது. பழைய துரையே மீண்டும் வந்தார். வீரன் மறுபடியும் பால்வாளியைத் தூக்கினான். ஆயினும் பழைய பணிவு முழுதும் திரும்பவில்லை.

மூன்றாவது, விடுதலைக்குப் பின் வந்தது. 1957-இல் நாடு விடுதலை பெற்றது. அதற்கு முன்பிருந்தே வெள்ளைக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கிவிட்டன. வாங்கியவர் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். 1951 முதல் 1960 வரை நடந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் ஆராய்ந்து எழுதினார். துண்டாடப்பட்ட தோட்டத்தில் வேலை போயிற்று. வேலையோடு குடியிருந்த லயத்து வீடும் போயிற்று. இதற்கு விடையாகவே துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளரின் சிறுசேமிப்பால் தோட்டங்களை வாங்குவது அதன் நோக்கம்.

குடியுரிமையோ வேறு துன்பம். விடுதலை நாளிலும் அதனை அடுத்தும் அங்குப் பிறந்த குழந்தைக்குக் குடியுரிமை பிறப்பிலேயே கிடைத்தது. அதன் பாட்டனோ மனுப்போட வேண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர் பலர் போடாமலே இருந்துவிட்டனர். 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி இறுகியது. சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குப் புறப்பட்டனர் என்பர். சிவப்பு அடையாள அட்டையுடன் தங்கியவர் நாற்பது ஆண்டு பால் வெட்டிய காட்டிலேயே அயலார் ஆயினர்.

நூல்கள் கூறுவன

இவ்வரலாறு நாவலில் எவ்வாறு இறங்கியது? மலேசியத் தமிழ் நாவலின் தொடக்கமாகப் பலர் கூறுவது, க. வெங்கடரத்தினம் 1917-இல் எழுதிய ‘கருணாகரன் அல்லது காதலின் மாட்சி’ ஆகும். அந்நாளில் நாவல் என்றாலே காதலும் நீதியும்தான். தோட்டத்து மக்கள் தம் வாழ்வே நாவலுக்குரிய பொருள் என்று காணப் பல ஆண்டுகள் சென்றன.

போர்க்கதையை எடுத்துக்கொள்வோம். இரயில் பாதை முடிந்தது 1943-இல், ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ வெளிவந்தது 1993-இல். இடையே ஐம்பது ஆண்டுகள்! அ. ரெங்கசாமி, அதே இரயிலை ‘நினைவுச் சின்னம்’ நாவலிலும், நேதாஜியின் படையை ‘இமையத் தியாகம்’ நாவலிலும் பொருளாக்கினார். மாண்டவர் எழுதவில்லை, மீண்டவருள் பலர் எழுத அறியாதவர். தோட்டப் பள்ளியில் படித்து, ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் ஒரு தலைமுறை உருவாகும் வரை அக்கதை திண்ணைப் பேச்சாகவே காத்திருந்தது. ஒரு சமூகத்தில் எழுத்தறிவும் செல்வம் போலவே சமனின்றிப் பங்கிடப்படுகின்றது என்பதற்கு இந்த ஐம்பதாண்டு மௌனமே சான்று.

தமிழகத்திலிருந்து சென்று கண்ட அகிலன், ‘பால்மரக் காட்டினிலே’ நாவலைப் படைத்தார். அது 1977-இல் நூலாயிற்று. மலேசியத் தமிழராகிய கே. எஸ். மணியம் 1981-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘தி ரிட்டர்ன்’ என்னும் நாவலைத் தமிழாசிரியர் அறிந்திருத்தல் நன்று. அதில் பெரியதாய் என்னும் கிழவி தமிழகத்திலிருந்து வந்து, உழைத்து, ஒரு துண்டு நிலத்தில் குடிசை போடுகிறாள். உழைப்பு அவளுடையது, பட்டா அவளுடையதன்று. மகனோ, அந்நிலப் பித்தே தலைக்கேறி, இறுதியில் வீட்டோடு தீக்கிரையாகிறான். ஆங்கிலக் கல்வி கற்ற பேரன் தப்புகிறான். ஆயினும் அவன் எங்கே திரும்பி வந்துள்ளான் என்பது அவனுக்கே தெளிவில்லை. ஒரு நாட்டைத் தன் நாடு என்று சொல்ல ஒருவனுக்கு எவை வேண்டும் என்ற வினாவை, இந்நூல் மூன்று தலைமுறையின் வழியே கேட்டுவிடுகின்றது.

நம்முள்ளும் உண்டு

குற்றத்தைத் துரைமேலும் அரசின்மேலும் மட்டும் ஏற்றிவிடுதல் எளிது. கங்காணியும் நம்மவர், தலைக்காசு பெற்றதும் அவரே. லயத்திலும் கோயிலிலும் சாதி பார்த்தவர் நம்மவர். கிராணி வீட்டுப் பிள்ளை பட்டணத்துக்கு ஆங்கிலப் பள்ளி சென்றது. வெட்டுக்காரர் பிள்ளை ஒட்டுப்பால் பொறுக்கியது. ஆணுக்கு நிகராக மரம் வெட்டிய பெண் குறைந்த கூலி பெற்றாள். அக்கூலியிலும் ஒரு பங்கு கள்ளுக்கடைக்குச் சென்றது. இவற்றை மறைக்கும் நாவல் நல்ல நாவலன்று. நம்பத்தகுந்த சான்றும் அன்று. உள்ளிருக்கும் ஏற்றத்தாழ்வை ஒப்புக்கொள்ளும் நூலே, வெளியிலிருந்து வந்த அநீதியைச் சொல்லும் தகுதி பெறுகின்றது.

கற்பனை சான்றாகுமோ?

“நாவல் கற்பனை, அதனை வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ளலாமோ?” என்று சிலர் வினவலாம். தேதிக்கும் தொகைக்கும் நாவலை நம்புதல் தகாது. அதற்கு ஆவணங்கள் உள்ளன. ஆனால் அந்த ஆவணங்களை எழுதியவர் யாவர்? செக்ரோலில் தொழிலாளி ஒரு பெயரும் ஒரு நாட்கணக்கும் மட்டுமே. அந்த நாளில் அவள் என்ன எண்ணினாள், எதனை நம்பினாள், எப்போது நம்பிக்கை இழந்தாள் என்பதற்கு அங்குப் பத்தி இல்லை. ஏமாற்றத்தை அளக்க முதலில் நம்பிக்கையை அறிதல் வேண்டும். அதை நாவல் காத்துவைக்கின்றது. ஏமாந்தேன் என்பவன், எனக்கு உரியது ஒன்று உண்டு என்றும் உடன் உரைக்கின்றான். நாடு தன்னுடையதன்று என்று எண்ணுபவன் அதனிடம் முறையிடான். அசகானிலிருந்து நடந்தவர் தலைநகரை நோக்கி நடந்தனர். துறைமுகத்தை நோக்கி நடக்கவில்லை. அவர்தம் தேசிய உணர்வுக்கு அந்தத் திசையே சான்று.

இன்று பல தோட்டங்களில் இரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பல இடங்களில் வீட்டுமனைகள் எழுந்துள்ளன. லயங்கள் இடிந்தன, பெரட்டுக் களம் எது என்று காட்டுவோரும் அருகி வருகின்றனர். ஆதலின் தமிழாசிரியர் இரண்டு செயல்களை மேற்கொள்ளலாம். இந்நாவல்களுள் ஒன்றை வகுப்பில் படிக்கும்போது, அதில் வரும் சட்டத்தையும் கூலியையும் ஆண்டையும் ஆவணத்தோடு ஒப்பிட்டுக் காட்டலாம். மாணவர் தம் பாட்டன் பாட்டியிடம், எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டு பேர் பதிந்தனர், எந்த நிற அட்டை வைத்திருந்தனர் என்று கேட்டு எழுதி வரச் செய்யலாம். வருங்கால நாவலாசிரியனுக்கும் வரலாற்றாசிரியனுக்கும் அந்த ஏடுகள் பயன்படும். மற்றோர் ஐம்பது ஆண்டு காத்திருக்க, சொல்வோர் இனி இரார்.